கம்பிக்கு அந்தப் பக்கம்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் புலியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பார்த்தது அதன் முற்றத்தை மட்டும்தான். வீடு பின்னால் இருக்கிறது. அகழி, அகழிக்கு அப்பால் புல்வெளி, நிழலுக்கு நாலைந்து மரங்கள், படுத்துக் கிடக்க ஒரு குட்டை. இவற்றையெல்லாம் தாண்டிப் பின்கோடியில், செடிகொடிகள் மறைத்த ஒரு தாழ்வான கட்டடம் இருக்கும். புலி இரவில் உறங்குவது அங்கேதான். தின்பதும் குட்டி போடுவதும் மருந்து வாங்கிக்கொள்வதும் அங்கேதான். இரவுக் கொட்டடி என்று அதைச் சொல்வார்கள். பார்வையாளர் பாதையிலிருந்து பார்த்தால் அதன் சுவர்கூடச் சரியாகத் தெரியாது. தெரியக் கூடாது என்று திட்டமிட்டே கட்டியிருக்கிறார்கள்.

உயிரியல் பூங்காவின் அறிவியலில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்துக்குள்தான் நடக்கிறது. குழந்தைகளோடு பூங்காவுக்குப் போகும் எந்தக் குடும்பத்துக்கும் உள்ளூர ஓர் ஆசை உண்டு: ஒரு நாளாவது பின்பக்கம் போய், பராமரிப்பாளர்களோடு நின்று, விலங்கைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முடிந்தால் தொட வேண்டும். சேலையூரில் இருக்கும் என் அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே ஆசைதான். ஆசையில் தப்பில்லை. ஆனால் கிட்டத்தில் போவது என்றால் என்ன, அதை யார் தீர்மானிக்க வேண்டும் என்பதில்தான் கடந்த நூறு ஆண்டுகளின் விலங்கியல் நமக்குச் சொல்ல நிறைய வைத்திருக்கிறது. அதன் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிட்டத்தில் வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை விலங்கிடம் இருக்க வேண்டும். அந்த உரிமை அதனிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு பூங்கா நல்லதா கெட்டதா என்று அளக்க வேண்டும்.

சென்னையின் உயிரியல் பூங்கா 1855-இல் தொடங்கியபோது இப்படி யாரும் யோசிக்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், கர்நாடக நவாபிடம் பேசி அவரிடமிருந்த விலங்குகளைப் பெற்று, அருங்காட்சியக வளாகத்திலேயே கூண்டுகளில் வைத்தார். சில ஆண்டுகளில் அவை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. எழும்பூரில் இருந்தது 'செத்த காலேஜ்', பார்க்கில் இருந்தது 'உயிர் காலேஜ்' என்று ஊரே பேர் வைத்துக் கொண்டாடியது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிவிட்டு அப்படியே சிங்கத்தையும் பார்த்துவிட்டு வருவது மூன்று தலைமுறைச் சென்னைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அங்கே கூண்டு என்றால் கூண்டுதான். நாலு பக்கமும் கம்பி, நாலு பக்கமும் ஆட்கள். சிங்கம் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு முகம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கூண்டில் என்ன தவறு என்பதை முறையாக எழுதி வைத்தவர் ஹைனி ஹெடிகர் என்ற சுவிஸ் விலங்கியலாளர். பேர்ன், பாசல், சூரிக் மூன்று நகரங்களின் பூங்காக்களையும் அடுத்தடுத்து நடத்தியவர். அடைபட்ட விலங்குகளைப் பற்றி 1942-இல் அவர் எழுதிய நூலிலிருந்துதான் இன்றைய பூங்கா உயிரியல் பிறக்கிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு விலங்குக்கும் ஓட்டத் தொலைவு ஒன்று உண்டு என்றார் அவர். எதிரி என்று அது கருதும் ஓர் உருவம் அந்தத் தொலைவுக்குள் வந்தால் விலங்கு விலகி ஓடும். விலக வழியில்லாமல் இன்னும் நெருங்கினால், ஒரு கட்டத்தில் ஓடுவதை விட்டுவிட்டுத் திரும்பித் தாக்கும். ஒரு மானின் ஓட்டத் தொலைவு இருபது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்து மீட்டர் அகலக் கூண்டில், சுற்றிலும் ஆட்கள் நிற்கும்படி அடைத்தால் அந்த மான் காலையிலிருந்து மாலைவரை ஓட வேண்டிய நிலையிலேயே நிற்கிறது. ஓட இடமில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அமைதியாக நிற்பதுபோலத் தெரியும். உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருக்கும்.

பழக்கம் இந்தத் தொலைவைக் குறைக்கும் என்றும் ஹெடிகர் கண்டார். மனிதரைப் பார்த்துப் பழகிய விலங்கு ஐந்து மீட்டர்வரை விடும், இரண்டு மீட்டர்வரை விடும். ஆனால் பூஜ்யத்துக்குக் குறைந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டக் கூடாது. அதனால்தான் விலங்குக்கு எப்போதும் பின்வாங்க ஓர் இடம், பார்வையிலிருந்து மறைந்துகொள்ள ஓர் இடம் வேண்டும்.

1979-இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலையில் அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தபோது, ஹெடிகரின் சிந்தனை ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து சேர்ந்திருந்தது. கம்பிக்குப் பதில் அகழி. நாலு பக்கம் ஆட்களுக்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் மேடை. மற்ற மூன்று பக்கமும் காட்டுச் செடி. 2001-இல் மீட்பு, மறுவாழ்வு மையத்துக்கென்று நிலம் சேர்ந்ததும் மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர் ஆயிற்று. நாட்டின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களில் இது ஒன்று. ஒரு பக்கம் தாம்பரமும் பெருங்களத்தூரும் கட்டடமாக நெருங்கி வர, இன்னொரு பக்கம் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்து நிற்க, நடுவே இந்தக் காடும் ஓட்டேரி ஏரியும் மிஞ்சியிருக்கின்றன. தென்சென்னைப் புறநகருக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பது சித்திரை வெயிலில் உள்ளே போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புலியைப் பார்க்க முடியவில்லை, புதருக்குள் போய்ப் படுத்துவிட்டது என்று டிக்கெட் வாங்கியவர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் புதர் அங்கே இருப்பதே புலி அதற்குள் போய்ப் படுக்கத்தான்.

சரி, பின்கட்டுக்குள் போவோம்.

எந்தப் பெரிய பூனையின் கொட்டடியிலும் முதலில் கண்ணில் படுவது கதவுகள். ஆள் நுழையும் கதவு ஒன்றைத் திறந்து மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். விலங்கின் அறைகளுக்கு இடையே நகரும் இரும்புக் கதவுகள். அவற்றை இயக்கும் பிடிகள் அறைக்கு வெளியே, நடைபாதைப் பக்கம் இருக்கும். பராமரிப்பாளரும் புலியும் ஒரே அறைக்குள் ஒருபோதும் இருக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. ஓர் அறையைக் கழுவ வேண்டுமென்றால் புலியைப் பக்கத்து அறைக்கு மாற்றி, கதவை இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பிறகே உள்ளே போவார்கள். வாசலில் கிருமிநாசினி ஊற்றிய ஆழமில்லாத தொட்டி இருக்கும். பல இடங்களில் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த ஊதா நிறத் தண்ணீர். காலணியை அதில் நனைக்காமல் யாரும் தாண்டக் கூடாது.

காலையில் பராமரிப்பாளர் செய்யும் முதல் வேலை சுத்தம் செய்வதல்ல, பார்ப்பது. நேற்று வைத்த இறைச்சியில் மிச்சம் உண்டா? மலம் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா? எழுந்து வரும்போது பின்காலை ஊன்றுகிறதா? தினமும் கூப்பிட்டதும் வருவது இன்று மூலையில் இருக்கிறதா? காட்டு விலங்குகள் நோயை மறைக்கும். பலவீனத்தைக் காட்டிக்கொள்வது காட்டில் உயிருக்கு ஆபத்து என்பதால் பரிணாமம் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. மருத்துவர் ஊசி மருந்தோடு வருவதற்குள் நோய் பாதி தூரம் போயிருக்கும். அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் ஒரே கருவி, அந்த ஒரு விலங்கை வருடக்கணக்காகத் தினமும் பார்த்துவரும் ஓர் ஆளின் கண். பராமரிப்பாளர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை அவர்களின் வேலைக்குப் போதவே போதாது.

அடுத்தது சமையற்கட்டு. இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். லண்டன் உயிரியல் பூங்காவில் சிங்கக் குட்டிகள் பிறந்து பிறந்து செத்துக்கொண்டிருந்தன. எலும்பு வளைந்து, கால் பலமிழந்து, சில மாதங்களில் முடிந்துவிடும். 1889-இல் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்தார்: குட்டிகளுக்குக் கொடுத்தது நல்ல, கொழுப்பில்லாத குதிரை இறைச்சி. கறி மட்டும்தான். எலும்பும் இல்லை, கொழுப்பும் இல்லை. பொடித்த எலும்பையும் மீன் எண்ணெயையும் பாலையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். குட்டிகள் தேறி வளர்ந்தன. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. எலும்பை வளைக்கும் அந்த நோய்க்கு வைட்டமின் டி குறைவு காரணம் என்பது முப்பது ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அதற்கு முன்பே ஒரு சிங்கக் கொட்டடி அதைக் காட்டிவிட்டது.

தசை இறைச்சியில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதை மட்டும் தின்னும் குட்டியின் உடல், ரத்தத்தின் சுண்ணாம்பு அளவைச் சரிசெய்யத் தன் எலும்பையே கரைத்து எடுக்கும். காட்டுப் புலி கறியை மட்டும் தின்பதில்லை. குடல், ஈரல், குருத்தெலும்பு, தோல், மென்மையான எலும்பு எல்லாமே உள்ளே போகிறது. பூனை இனத்துக்கு வேறு சில கட்டாயங்களும் உண்டு. நாம் கேரட்டைத் தின்றால் அதிலுள்ள கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது, ஈரலிலிருந்தே நேராகப் பெற வேண்டும். டாரின் என்ற பொருளையும் அதன் உடல் போதிய அளவு தானாகச் செய்துகொள்ளாது. அது குறைந்தால் விழித்திரையும் இதயமும் கெடும். ஆகவே ஒரு பெரிய புலிக்கு நாளுக்கு ஆறேழு கிலோ மாட்டிறைச்சி என்று பட்டியலில் எழுதியிருப்பது பாதிச் செய்திதான். எலும்போடா இல்லாமலா, ஈரல் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது மீதிச் செய்தி. காட்டுப் புலி தினமும் தின்பதில்லை என்பதால், வாரத்தில் ஒரு நாள் ஊனுண்ணிகளுக்குத் தீனி வைக்காமல் விடுவதும் இந்தியப் பூங்காக்கள் பலவற்றில் நெடுநாள் வழக்கம்.

குரங்குகளின் தட்டு இன்னொரு வகையில் நம்மை ஏமாற்றும். குரங்கு என்றால் வாழைப்பழம் என்று பாலர் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். நாம் தின்னும் பழங்கள் பல நூறு தலைமுறைகளாக இனிப்புக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தவை. காட்டுப் பழத்தில் சர்க்கரை குறைவு, நார் அதிகம். மேற்குத்தொடர்ச்சி மலையில் சிங்கவால் குரங்கு விரும்பித் தின்னும் வெடிப்பலாவையும் கடையில் வாங்கும் பச்சை வாழையையும் ஒரே வகை உணவாக நினைக்க முடியாது. இங்கிலாந்தின் பெய்ன்டன் பூங்கா 2014-இல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியது. மெல்போர்ன் பூங்கா, பல விலங்குகளுக்குப் பற்கள் சொத்தையாகி உடல் பெருத்ததைப் பார்த்து, 2018-இல் பழத்தைக் குறைத்துக் காய்கறி, இலைதழைக்கு மாறியது. வண்டலூர் சிங்கவால் குரங்கின் இனப்பெருக்கத் திட்டத்தில் முக்கியப் பங்குள்ள பூங்கா. அங்கே வேலிக்கு மேலாக ஒரு பிஸ்கட்டை விட்டெறிகிறவர், தெரியாமலே அந்தத் திட்டத்தின் மேல் கல் எறிகிறார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பார்வையாளர்கள் தீனி போடுவதையும், சீண்டுவதையும், கூச்சல் போட்டுத் தொந்தரவு செய்வதையும் ஒரே பிரிவில் வைத்துத் தடுப்பது சரியான காரணத்துக்காகத்தான்.

பின்கட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பயிற்சி.

பயிற்சி என்றதும் சர்க்கஸ் சாட்டை நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிட வேண்டும். ஒரு புலிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது. பழைய முறையில் இரண்டு வழிகள். ஒன்று, பக்கச்சுவரை நகர்த்தி விலங்கை அசைய முடியாமல் ஒடுக்கும் நெருக்குக் கூண்டு. மற்றது மயக்க ஊசி. இரண்டிலும் விலங்கு மிரளும். மயக்கம் கொடுப்பதில் வயதான விலங்கின் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. மிரண்ட உடலிலிருந்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரையும் மன அழுத்த ஹார்மோன்களும் ஏறியிருக்கும் என்பதால் பரிசோதனை முடிவும் கலங்கலாகத்தான் வரும்.

மூன்றாவது வழி மெதுவானது. ஒரு கோலின் நுனியில் ஒரு பந்து. புலி கம்பிக்கு உள்ளேயிருந்து அதை மூக்கால் தொட்டால் உடனே ஒரு விசில்; விசிலுக்குப் பின் ஒரு துண்டு இறைச்சி. விசில்தான் முக்கியம். எந்தக் கணத்தில் செய்தது சரி என்று அது புலிக்குத் துல்லியமாகச் சொல்கிறது. இறைச்சி வந்து சேர ஐந்து வினாடி ஆனாலும் பரவாயில்லை. பி.எஃப். ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் 1940-களில் இந்த முறையை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். டால்ஃபின் பயிற்சியில் ஊன்றி, பிறகு உலகப் பூங்காக்களுக்குப் பரவியது. கோலைத் தொடும் புலியைக் கோலோடு நகரவைக்கலாம். கம்பியை ஒட்டிப் படுக்கவைக்கலாம். நாட்கள் போகப்போக, வாலைக் கம்பியின் கீழ் இடைவெளிக்குள் விட்டுவிட்டுப் படுத்திருக்கக் கற்றுக்கொள்ளும். வாலில் ஓடும் சிரையிலிருந்து மருத்துவர் ரத்தம் எடுப்பார். முன்பக்கம் பராமரிப்பாளர் இறைச்சி கொடுத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஏற்பாட்டில் புலி எந்த நொடியிலும் எழுந்து போய்விடலாம். கட்டவில்லை, பூட்டவில்லை. எழுந்து போனால் தண்டனையும் இல்லை. இறைச்சி மட்டும் கிடைக்காது. அதனால்தான் இது வேலை செய்கிறது. விட்டுவிட்டுப் போக முடியும் என்று தெரிந்த விலங்கு தங்கி நிற்கிறது. வலுக்கட்டாயத்தில் ஒரு முறை சாதிக்கலாம். அடுத்த முறை அது கம்பிப் பக்கமே வராது. ஹெடிகர் தொலைவாக அளந்ததைப் பயிற்சியாளர்கள் சம்மதமாக அளக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

விலங்கு எதையும் தேர்ந்தெடுக்க முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம்: ஒரே கோட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டேயிருக்கும் கரடி. திரும்பும் இடத்தில் மண் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். 2003-இல் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பல ஊனுண்ணி இனங்களை ஒப்பிட்டபோது, காட்டில் எந்த இனத்தின் உலவும் எல்லை பெரியதோ அதுவே அடைப்பில் அதிகம் உலாத்துகிறது, அதன் குட்டிகளே அதிகம் சாகின்றன. பனிக்கரடியின் சராசரி அடைப்பு, காட்டில் அது உலவும் குறைந்தபட்ச எல்லையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எவ்வளவு நல்ல பூங்காவாலும் இதை முழுக்க ஈடுகட்ட முடியாது. எல்லா இனத்தையும் எல்லாப் பூங்காவும் வைத்திருக்கக் கூடாது என்பதே இதற்கு நேர்மையான பதில். 2009-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், யானைகளைப் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கு அனுப்பச் சொன்னது இந்தத் திசையில் எடுத்த அடி. மற்ற விலங்குகளுக்கு, தீனியை ஒளித்து வைத்துத் தேடவிடுவது, ஏற மரக்கட்டை, கோடையில் பனிக்கட்டிக்குள் உறைந்த பழம் என்று நாளுக்கு நாள் எதையாவது மாற்றிக்கொடுப்பது பராமரிப்பாளரின் வேலையில் ஒரு பகுதி.

இனி, வண்டலூரின் மிகத் துயரமான மாதத்தைப் பற்றி.

2021-இன் கோடை. கொரோனாவின் இரண்டாம் அலையால் பூங்கா ஏப்ரலிலிருந்தே பூட்டிக் கிடந்தது. பார்வையாளர் ஒருவர்கூட உள்ளே இல்லை. மே 26-ஆம் தேதி, சிங்க உலாப் பகுதியின் கொட்டடியில் ஐந்து சிங்கங்கள் தீனியைச் சரியாகத் தின்னவில்லை, அவ்வப்போது இருமின. முதலில் கண்டது வழக்கம்போலக் காலையில் மிச்சத் தீனியைப் பார்த்த கண்களாகத்தான் இருக்க வேண்டும். ஜூன் 3 மாலை, நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது. பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போயின. ஒன்பதில் தொற்று உறுதியானது. ஜூன் 16-இல் 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தது. நான்கு மாதிரிகளின் மரபணு வரிசையைப் படித்தபோது, அது பி.1.617.2. வெளியே மருத்துவமனைகளை நிரப்பிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை.

கிருமி உயிரணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் மனிதரிலும் பூனை இனத்திலும் பெரிதும் ஒத்திருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே, 2020 ஏப்ரலில், நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவில் ஒரு புலிக்குத் தொற்று வந்தது இதற்கு முதல் எச்சரிக்கை. 2021 மே மாதம் ஐதராபாதில் எட்டுச் சிங்கங்களுக்கு வந்தது. பூட்டிய பூங்காவில் தொற்று எப்படி நுழைந்தது என்ற கேள்விக்கு யாரையும் குற்றவாளியாக்கும் பதில் தேவையில்லை. அந்த மாதங்களில் தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் தொற்று இல்லாமல் இருந்தது? ஊரே வீட்டுக்குள் இருந்தபோது, சிங்கங்களுக்குத் தீனி வைக்க ஆட்கள் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வராமல் இருந்திருந்தால் சிங்கங்கள் பட்டினியால் செத்திருக்கும்.

ஆனால் அறிவியலாக இதில் படிக்க ஒன்று இருக்கிறது. மனிதர் அருகில் வருவதன் விலையை எப்போதும் நம் பக்கத்திலிருந்தே கணக்கிடுகிறோம்: கடிக்குமா, கீறுமா, நோய் நமக்கு வருமா? சிங்கத்தின் பக்கம் நின்றால் நாமே நோய் சுமப்பவர்கள். காசநோய் பூங்கா யானைக்கும் குரங்குக்கும் மனிதரிடமிருந்து போயிருக்கிறது. சிம்பன்சிக்கு நம் சளிக் காய்ச்சலே உயிரைப் பறிக்கும் நிமோனியா ஆகலாம். பின்கட்டு வாசலில் இருக்கும் ஊதாத் தொட்டியும், முகக்கவசமும், சளி பிடித்தவரை உள்ளே விடாத விதியும் முதலில் விலங்கைக் காக்கத்தான். 2022 ஜூனில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் விலங்குகளுக்கென்றே அன்கோவாக்ஸ் என்ற தடுப்பூசியை உருவாக்கி வெளியிட்டது. அதைப் போடும்போது, வாலை நீட்டிக்கொண்டு தானாகப் படுக்கும் சிங்கத்துக்கும் மயக்க ஊசி துப்பாக்கியால் சுட வேண்டிய சிங்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் வந்து நிற்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட ஒரு குடும்பம் கிட்டத்தில் போய் ஒரு விலங்கைச் சந்திக்கலாமா? சந்திக்கலாம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. எங்கள் வட்டாரத்துக்கு அவரோடு அதற்கு முந்திய உறவும் உண்டு: இன்று கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணையை 1960-களின் இறுதியில் அவர் முதலில் நடத்தியது சேலையூரில்தான். அப்போது அது வயலும் ஏரியுமான கிராமம். 1972-இல் அது கிண்டிக்குப் போனது.

அக்கா குடும்பத்தோடு முதலைப் பண்ணைக்குப் போனபோது, ஊழியர் ஒருவர் கோலை நீட்டிச் சதுப்புநில முதலையைக் கரைக்கு அழைப்பதைப் பார்த்தோம். அக்கா மகள் கேட்டாள்.

"அண்ணா, கூப்பிட்டா எப்பவும் வருமா?"

"எப்பவும் வராது பாப்பா. வயிறு நிறைஞ்சிருந்தா வராது, குளிர் நாள்ல வராது."

"வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"விட்டுருவோம். நாளைக்குப் பாத்துக்கலாம்."

முதலையிடம் அப்படி விட்டுவிடுவது எளிது. உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத விலங்கு என்பதால் அதற்குத் தேவையான உணவு, அதே எடையுள்ள புலியின் தேவையில் மிகச் சிறிய பங்கு. ஒரு நாள் தின்னாமல் போவது அதற்குப் பொருட்டே அல்ல. வெயில் அதன் வாழ்க்கையில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது, பிறக்கப்போகும் குட்டி ஆணா பெண்ணா என்பது உட்பட. இந்தப் பண்ணையின் முட்டைகளை வைத்து ஜெஃப்ரி லாங் தன் கூட்டாளிகளோடு நடத்திய ஆராய்ச்சி 1989-இல் வெளியானது. சதுப்புநில முதலையின் முட்டை 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொரிந்தால் எல்லாமே பெண். 32.5 டிகிரியில் எல்லாமே ஆண். இடைப்பட்ட சூட்டில் இரண்டும் கலந்து. ஒன்றரை டிகிரிக்குள் ஒரு தலைமுறையின் பால் மாறிவிடுகிறது. கோடை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இந்த எண்களைப் படிக்கும்போது கவலை வராமல் இருக்காது.

அதே பண்ணையில், யாரும் கூப்பிடாமல், எந்தப் பயிற்சியும் இல்லாமல் நடந்த ஒன்றை விளாதிமிர் தினெட்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். கொக்குகள் கூடு கட்டும் மரங்களுக்குக் கீழே, ஆழமில்லாத தண்ணீரில், முதலைகள் மூக்கின் மேல் சிறு குச்சிகளைத் தாங்கி அசையாமல் கிடந்தன. கூடு கட்டும் காலத்தில் கொக்குகளுக்குக் குச்சிக்குத் தட்டுப்பாடு. எடுக்க வரும் கொக்கு முதலையின் வாய்க்கு எட்டும். அமெரிக்காவின் லூசியானாவில் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர்களிடமும் இதைப் பார்த்துவிட்டு, முதலைகள் கருவியைப் பயன்படுத்தி வேட்டையாடுகின்றன என்று 2013-இல் தினெட்ஸும் கூட்டாளிகளும் எழுதினார்கள். விலங்கியல் உலகம் வியந்தது. பிறகு 2020-இல் ஆடம் ரோசன்பிளாட்டும் அலிசா ஜான்சனும் அலிகேட்டர்களில் சோதித்துப் பார்த்தபோது, குச்சி தாங்குவது கொக்குகளின் கூட்டுக்காலத்தோடு பொருந்தி வரவில்லை. மிதக்கும் குச்சி தற்செயலாக மூக்கில் தங்குகிறதா, அல்லது முதலை தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்கிறதா? சதுப்புநில முதலை இதில் அலிகேட்டரிலிருந்து வேறுபடுகிறதா?

இதைத் தீர்க்கக் கூண்டுக்குள் போக வேண்டியதில்லை. கரையில் நின்று, கொக்கு கூடு கட்டும் மாதங்களிலும் கட்டாத மாதங்களிலும், கூட்டு மரத்தின் கீழுள்ள குளத்திலும் மரமில்லாத குளத்திலும், எத்தனை முதலைகளின் மூக்கில் குச்சி இருக்கிறது என்று எண்ண வேண்டும். தண்ணீரில் எத்தனை குச்சி மிதக்கிறது என்பதையும் கூடவே எண்ண வேண்டும். குச்சி நிறைய மிதந்தால் தற்செயலாகத் தங்குவதும் நிறையத்தான் இருக்கும். பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அக்கா மகள் முதல் குளத்தை எண்ணி முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போய்விட்டாள்.